கொலுவில் வைத்த கூடு

போன வாரம் நம் தெருப் பிள்ளைகள் குரூப்பில் ஒரு பழைய போட்டோ வந்ததே, பார்த்தீர்களா? எங்கள் வீட்டு ஹாலில் வைத்த முதல் கொலு. வீடு மாற்றிய அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே அப்பாவின் வேட்டியை விரித்து, அம்மா கட்டிய ஐந்து படி. பக்கத்து வீட்டுப் பையன், இப்போது பல் டாக்டர், தன் அம்மாவின் ஆல்பத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தான். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதிகூட அச்சாகியிருக்கிறது. கீழே ஒரு கேள்வி: “பார்க்ல இருக்கற நெஸ்ட் செம ரியலா இருக்கே, எங்க வாங்கினீங்க?”

ஏழு பேர் இதயம் போட்டீர்கள். நான் எதுவும் போடவில்லை. மூன்று நாள் டைப் செய்து டைப் செய்து அழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டைக் கடையில் வாங்கவில்லை. நான்தான் எடுத்தேன். எடுத்ததைவிட, அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பெரிய தப்பு. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது, பாதிப் பேர் தலைக்குச் சாயம் அடிக்கிறோம். இனிமேலும் சொல்லாவிட்டால் எப்போது?

அந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். டெக்சஸில் ரவுண்ட் ராக் ஊர்க் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த நம் அப்பாக்கள், வாடகை குறைவு என்று வடக்கே தள்ளி அந்தச் சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். தெருவின் ஒரு பக்கம் நம் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் காடு.

காடு என்றால் நம் பெற்றோருக்குப் பிடித்த மாதிரிக் காடு இல்லை. அருவி கிடையாது, பூ கிடையாது. காலடியில் சுண்ணாம்புப் பாறை. வெயிலில் கருகின மாதிரி நிற்கும் ஓக் மரங்கள். நடுநடுவே சீடர் மரங்கள், அடியிலிருந்தே நாலைந்தாகப் பிரிந்து, பட்டை நார் நாராகத் தொங்கும். உள்ளே நுழைந்தால் புதிதாகச் சீவின பென்சில் வாசனை அடிக்கும். ஜனவரியில் அந்த சீடர் மகரந்தம் பறக்க ஆரம்பித்ததும் தெருவே தும்மும். அப்பா அதற்கு வைத்திருந்த பெயர் சனியன் பிடித்த மரம். அம்மாவுக்குப் பாம்புப் பயம். “வேலியத் தாண்டினா காலை ஒடச்சிருவேன்” என்பாள். நாம் யாரும் காலை ஒடித்துக்கொள்ளவில்லை, வேலியில் ஒரு பலகையைத்தான் ஒடித்தோம்.

பஸ் மிஸ்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஸ்கூல் பஸ்ஸை ஓட்டியவர், தெருக்கோடி வீட்டுக்காரர், வெள்ளைக்காரப் பெண்மணி. அப்போது அவருக்கு ஐம்பது இருக்கும். காலையில் நம்மை ஏற்றுவதற்கு முன்பே காட்டுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்திருப்பார். சாக்ஸில் சீடர் முள் ஒட்டியிருக்கும். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன அந்த ஆகஸ்டில்தான் காட்டுக்குள் ரிப்பன்கள் வந்தன. பளீரென்ற ரோஸ் நிற பிளாஸ்டிக் ரிப்பன்கள், மரத்துக்கு மரம். ஒரு கம்பெனி அந்தக் காட்டை வாங்கி, மரத்தை வெட்டி, அடியிலிருக்கும் சுண்ணாம்புக் கல்லை உடைக்கப்போகிறது என்றார்கள். குவாரி, பக்கத்திலேயே கிரஷர். அம்மாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலூர்ப் பக்கம் மலையை உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். “மதியானம் வெடி வெச்சா அடுப்புல பால் ஆடும், தெரியுமா? துணி காயப் போட்டா வெள்ளையா மாவு அப்பும்” என்றாள். அப்பா சிரித்தார். “அது அங்க. இது அமெரிக்கா. இங்க எல்லாம் ரூல்ஸ்படிதான் பண்ணுவாங்க.” அப்பா அப்படி அடித்துச் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். அவர் எவ்வளவு தப்பாகவும் அடித்துச் சொல்வார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பஸ் மிஸ் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். காட்டை விடக் கூடாது என்று தெருக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும், கவுன்ட்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் விசாரணையில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார், முறுக்கு சாப்பிட்டார். அப்பா, “வி ஆர் வெரி சப்போர்ட்டிவ், மேடம்” என்று நாலு தடவை சொன்னார். பேனாவை மட்டும் தொடவில்லை. பஸ் மிஸ் தாளை மடித்துக்கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “நம்ம பேரு எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது. கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் இந்த ஊர்ல நாம யாருமே இல்ல, புரியுதா?” நம் வரிசையில் எல்லா வீட்டிலும் இதேதான் நடந்தது என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “சைன்தான் போடல, சுண்டலாவது குடுக்கலாம்” என்று பஸ் மிஸ்ஸைக் கொலுவுக்குக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவைத்தாள்.

அமெரிக்காவில் அம்மாவின் முதல் கொலு அது. ஊருக்குப் போய்வந்த ஒரு அங்கிள் சூட்கேஸில் பொம்மைகளைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு மரப்பாச்சி ஜோடி தனியாக ஒரு மரப்பெட்டியில் வந்தது. அப்பா ஆபீஸ் ஆன்ட்டிகள் எல்லாரும் வரப்போகிறார்கள். படிக்குக் கீழே பார்க் கட்டுவது என் பொறுப்பு. பேக்கிங் ட்ரேயில் மண் நிரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவினோம், நாலே நாளில் பச்சைப் புல் எழும்பியது. கைக்கண்ணாடி ஒன்று குளம் ஆனது. இரண்டு மான், ஒரு யானை, ஒரு ரோபோ. “மரம் வேணும்டி, குச்சி, கல்லு ஏதாவது கொண்டா” என்றாள் அம்மா. எங்கிருந்து என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் மட்டும் பலகைச் சந்தில் நுழைந்து போனேன். ஓடை வரை போய்விட்டேன். அங்கே ஒரு கிழட்டு சீடர் மரத்தில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. மற்றதெல்லாம் ரோஸ், இது மட்டும் நீலம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ரிப்பன் கட்டினால் வெட்டப்போகிறார்கள். அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல், ஏறினால் எட்டுகிற உயரத்தில், ஒரு கவட்டையில் கூடு.

எவ்வளவு சின்னது தெரியுமா? இரண்டு கை குவித்தால் அதற்குள் அடங்கும். அந்த மரத்துப் பட்டையையே நாராக உரித்து, சிலந்தி நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியது. மரத்தோடு மரமாக இருந்தது. உள்ளே பறவை இல்லை, முட்டை இல்லை. வெட்டப்போகிற மரம்தானே, விழுந்து நசுங்கும் முன் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஏறி, சிலந்தி நூல் அறுகிற மெல்லிய சத்தம் கேட்க, அதைப் பிரித்தெடுத்தேன்.

அம்மா அதைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். “என்ன வாசனையா இருக்கு, பாரேன்!” என்றாள். கேழ்வரகுப் புல்லின் நடுவே வைத்து, உள்ளே ஒரு மண் கிளியை உட்காரவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். மூலை வீட்டு ஆன்ட்டி படியைப் பார்க்கவே இல்லை, நேராகப் பார்க்கிடம் போய், “இது எந்தக் கடைல கெடச்சுது?” என்றார். அம்மா, “எங்க பொண்ணு பண்ணினா” என்று சொல்லிவிட்டாள். நானும் தலையை ஆட்டினேன். அப்போது எடுத்ததுதான் அந்த போட்டோ. நான் பாவாடை சட்டையில் இளித்துக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள், பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் மிஸ் பஸ்ஸை ஸ்டாப்பிலிருந்து எடுக்கவில்லை. என்ஜினை அணைத்தார். திரும்பி நம் எல்லாரையும் பார்த்தார். அவருடைய உதடு வெளுத்திருந்தது.

“காட்டுக்குள்ள நீல ரிப்பன் கட்டின மரத்த யாராவது பாத்தீங்களா? அதுல ஒரு கூடு இருந்தது. யாராவது, வேற ஆளுங்க அந்தப் பக்கம் போறதப் பாத்தீங்களா?”

பிறகு அவரே சொன்னார். மஞ்சள் கன்னம் வைத்த ஒரு சின்னப் பறவை. உலகத்தில் வேறெங்கும் அது குஞ்சு பொரிப்பதில்லை, மத்திய டெக்சஸில் மட்டும்தான். கிழட்டு சீடர் பட்டையில்தான் கூடு கட்டும். அது வாழ்கிற காடு என்று அரசாங்க ஆய்வாளர் எழுதிவிட்டால் கம்பெனி சுலபத்தில் மரத்தைத் தொட முடியாது. கம்பெனி அனுப்பிய ஆள் அப்படி ஒரு பறவையே இங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இவர் வசந்தம் பூராவும் தேடி ஒரே ஒரு கூட்டைக் கண்டுபிடித்து, மறுபடி அடையாளம் தெரிய நீல ரிப்பன் கட்டிவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து நேரில் பார்ப்பதாக இருக்கிறது.

“கூடு மரத்துல இருக்கணும். அப்போதான் அது சாட்சி” என்றார்.

நீங்கள் எல்லாரும் ‘நோ மேம்’ என்றீர்கள். நானும் சொன்னேன். பஸ் கிளம்பியது. அவர் தலைக்கு மேலிருந்த பெரிய கண்ணாடியில் அவர் கண்கள் ஒவ்வொரு சீட்டாக நகர்ந்து வந்தன. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தேன். உங்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை பார்த்த கூட்டை நினைத்துக்கொள்வீர்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் ‘பண்ணினேன்’ என்று அம்மா சொல்லியிருந்தாளே.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் கொழுக்கட்டை மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. டையைக்கூடக் கழற்றாமல் கொலு முன்னால் நின்று அந்தக் கூட்டையே பார்த்தார். மறுநாள் லன்ச் நேரத்தில் லைப்ரரிக்குப் போய் ஏதோ புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பறவை போன பிறகும் கூட்டை எடுக்கக் கூடாதாம், ஃபெடரல் சட்டமாம், மத்திய அரசாங்கம் போட்ட சட்டம். அந்த ஃபெடரல் என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

“அடுத்த மாசம் இன்டர்வ்யூ. அந்த ஃபார்ம்ல என்ன கேள்வி இருக்கு தெரியுமா? அரெஸ்ட் ஆகலைன்னாலும், தெரிஞ்சே ஏதாவது குற்றம் பண்ணியிருக்கியான்னு கேக்கறான். நான் என்னன்னு எழுதறது?”

“கொழந்தைங்க அவ. அந்தம்மாகிட்ட போய் சொல்லிடலாம். நல்லவங்க.”

“நல்லவங்கதான். அவங்க என்ன பண்ணுவாங்க? ஆபீசர்கிட்ட கொண்டுபோய்க் குடுப்பாங்க. எங்க கெடச்சுதுன்னு அவன் கேப்பான். நம்ம பேரு வரும். ஆறு வருஷம் வெயிட் பண்ணியிருக்கேன்டி.”

“காடு போயிடுமேங்க.”

“போனா போகட்டும்! வாடகை வீடு இது. காட்ட நானா வாங்கிப் போட்டேன்?” அப்பா கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு மெதுவாக, “அத டிஸ்போஸ் பண்ணிடு” என்றார்.

வியாழக்கிழமை குப்பை லாரி வரும் நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா ஒரு கறுப்புப் பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். லாரி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த ‘அப்பாடா’தான் இத்தனை வருஷம் என்னை விடாமல் குத்தியது.

கூடு இருந்த இடத்தில் புல் வெளிறி ஒரு மஞ்சள் வட்டம் விழுந்திருந்தது. அம்மா சுற்றியிருந்த புல்லைக் கையால் தள்ளித் தள்ளி மறைக்கப் பார்த்தாள். மறையவில்லை. கைக்கண்ணாடியை அதன் மேல் வைத்தாள். வட்டம் அதைவிடப் பெரிது.

வெள்ளிக்கிழமை பஸ் மிஸ் வந்தார். ஆய்வாளரோடு வெறும் கவட்டையைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். ஆனாலும் கூப்பிட்ட வீட்டுக்கு வெறும் கையோடு வரவில்லை, அத்திப்பழ ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் பூராவும் சீடர் முள். அம்மா குங்குமம் இட்டாள், வெற்றிலை பாக்குக்குப் பதில் ஆப்பிளும் சுண்டல் கப்பும் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டே வந்தார், இது யார், இது யார் என்று. பார்க்கிடம் வந்ததும் குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

“இங்க என்ன இருந்தது?” என்று அந்த வட்டத்தைக் காட்டினார்.

அப்பா சோபா நுனிக்கு வந்துவிட்டார். என் கையிலிருந்த கப்பில் சுண்டல் தாளம் போட்டது.

“குளம்” என்றாள் அம்மா. “பெரிய குளமா இருந்தது. வத்திப்போச்சு.”

பஸ் மிஸ் நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியாக என்னை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது எனக்கு. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. “சுண்டல் நல்லா இருக்கு” என்று சொல்லி, ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் விசாரணை. அப்பா போக மாட்டார் என்று நினைத்தேன், போனார். கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. அம்மாவிடம் அவர் சொன்னதைத்தான் நானும் கேட்டேன். பஸ் மிஸ் தான் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறார். கீழிருந்து எடுத்தது, கலங்கலாக இருந்திருக்கிறது. கம்பெனி வக்கீல், இது எந்தப் பறவையின் கூடாகவும் இருக்கலாம், எந்தக் காட்டிலும் எடுத்திருக்கலாம் என்றிருக்கிறார். கூடு எங்கே என்று கேட்டிருக்கிறார். திருடிவிட்டார்கள் என்றாராம் இவர். உங்கள் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார் வக்கீல். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன் என்றதும் முன் வரிசையில் யாரோ சிரித்தார்களாம். “நல்லா பேசினாங்க. நல்லா பேசினாங்க” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பெனிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

மிச்சத்தை நீங்களும் பார்த்தீர்கள். ஜனவரியில் புல்டோசர் வந்தது, அந்த வருஷம் சீடர் மகரந்தம் குறைவு என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு மதியம் மதியம் வெடி. அடுப்பில் பால் ஆடியது. கார் மேல் வெள்ளை மாவு. அடுத்த கோடையில் பஸ் மிஸ் வீட்டை விற்றுவிட்டு இருபது நிமிஷத் தூரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். நம் பஸ்ஸுக்கு ஒரு மாமா வந்தார், ரேடியோ சத்தமாக வைப்பார், நமக்கெல்லாம் அவரைப் பிடித்தது. எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. பல வருஷம் கழித்து எனக்குத் தெரிந்த ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் இதைக் கதை போலச் சொல்லிக் கேட்டேன். பத்து வயதுப் பெண் எடுத்த காலிக் கூட்டுக்காக யாரும் உங்களை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை நினைத்து ஆத்திரம் வந்தது, அவர் தனியாக லைப்ரரியில் அந்தப் புத்தகத்தைப் புரட்டியதை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் போட்டோ மட்டும் இல்லை. அந்தக் குவாரி, ஓடைப் பக்கம் மிச்சமிருக்கும் துண்டுக் காட்டையும் கேட்கிறது. நம் பழைய வீடுகளில் இப்போது இருக்கும் இளம் குடும்பங்கள், அதில் பாதி நம்மவர்கள், தடுக்கப் பார்க்கிறார்கள். இந்த வசந்தத்தில் அந்தப் பறவையின் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள். கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? வழி தவறி வந்த ஒரு பறவையாம். இந்தக் காட்டில் அது என்றைக்கும் கூடு கட்டியதில்லையாம், முப்பது வருஷத்துக்கு முந்தைய விசாரணையே அதற்கு ஆதாரமாம். அந்த ஆதாரம் நான்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா அந்தத் தெருவிலேயேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன்: “நான் விசாரணைல பேசப்போறேம்மா. அந்த போட்டோவக் காட்டி, நான்தான் எடுத்தேன்னு சொல்லப்போறேன்.” தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். மரப்பாச்சிப் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துத் திறந்தாள். பொம்மைகளை எடுத்துவிட்டு, அடியிலிருந்த பழைய புடவைத் துணியைப் பிரித்தாள்.

உள்ளே கூடு. ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

“கொலுவுல வெச்சத யாராவது குப்பைல போடுவாங்களாடி?” என்றாள்.

“கறுப்புப் பை எடுத்துட்டுப் போனியே, நான் பாத்தேனே!”

“அது வாழப்பழத் தோலு. நீ ஜன்னல்ல நிக்கறது எனக்குத் தெரியாதா?”

மரப்பாச்சியை ஏன் எப்போதும் அவளே எடுத்து அவளே வைத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“சிட்டிசன் ஆன அன்னிக்கு அவரே கேட்டாரு, அது இருக்கான்னு. இருக்குன்னேன். வா குடுத்துட்டு வரலாம்னு காரெடுத்தாரு. அந்தம்மா வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் நின்னோம். காடு அதுக்குள்ள பள்ளமாயிடுச்சே, இப்ப எந்த மூஞ்ச வெச்சிட்டுக் குடுக்கறதுன்னாரு. திரும்பி வந்துட்டோம்.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “நான் எறங்கிப் போயிருக்கணும்” என்றாள்.

நேற்று பஸ் மிஸ் வீட்டுக்குப் போனேன். எண்பது ஆகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் வாக்கர். மேஜை பூராவும் இந்த விசாரணைக்கான தாள்கள், இன்னும் விடவில்லை அவர். நான் யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். புடவைத் துணியை மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

அவர் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஓ” என்றார். “இதுதான் அந்தக் குளமா?”

“ஆமாம்” என்றேன். அவர் பேசினார். “என்னைப் பொய்க்காரின்னு ரெக்கார்டுல எழுதி வெச்சாங்க. என் சொந்தத் தங்கச்சியே, நீ ஆசைப்பட்டுக் கற்பனை பண்ணிட்டேன்னா. கொஞ்ச நாள் நானே அப்படித்தான் நினைச்சேன். அது என்ன மாதிரின்னு உனக்குத் தெரியுமா?” கோபமாகத்தான் சொன்னார். நான் அதை வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னார்: “அந்த மஞ்சள் வட்டத்தைப் பாத்ததுமே எனக்கு சந்தேகம். உன் கையில கப் ஆடிக்கிட்டிருந்தது. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே. என் பஸ்ல வந்த பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் ஒரு வெள்ளிக்கிழமை இறங்கிப்போய்த் திங்கக்கிழமை வரவே இல்ல, குடும்பத்தோட நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க. மூணாவதா ஒரு பிள்ளைய நான் இழக்கத் தயாரா இல்ல. ஆனா அன்னிக்குக் கேக்காம வந்தது சரியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

கூட்டை இரண்டு கையிலும் எடுத்தார். விளிம்பை விரலால் தடவி, சிலந்தி நூல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். முப்பது வருஷம் மரப்பாச்சியோடு கிடந்தும் பென்சில் வாசனை கொஞ்சம் இருக்கிறது. “எந்தக் கவட்டை? இடதா, வலதா?” என்று மட்டும் கேட்டார். இடது என்றேன். தலையை ஆட்டினார். அந்த மரம் வெட்டுப்படவில்லையாம். ஓடைப் பக்கத் துண்டில் இன்னும் நிற்கிறதாம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். என்ன முடிவாகும் என்று தெரியாது. சுண்டல் சாப்பிட்டவர்கள் உங்கள் ஆல்பங்களைப் புரட்டுங்கள், தேதியோடு இன்னொரு படம் கிடைத்தாலும் உதவும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

பேசுகிறவர்கள் முன்னதாகவே பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். பஸ் மிஸ் நேற்றே அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார், பேனாவையும் வைத்தார். என் பெயரை எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகும் நான் கடைசிப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, நம்மில் பலருக்கும் இருப்பதுபோல அது அப்பாவின் பெயர்தான். எந்தப் பேப்பரிலும் வரக் கூடாது என்று அவர் காப்பாற்றி வைத்திருந்த பெயர். ஒரு எழுத்து விடாமல், தெளிவாக, அதையும் எழுதினேன்.